துளையில வைச்ச பெருவிரல்

லின்ஸ்டொக் எண்ட சொல்லை நான் முதன்முதலாக் கேட்டது என்ர குசினியில, என்ர மச்சாளின்ர வாயால. நான் புட்டு அவிச்சுக்கொண்டிருந்தன். அவள் வேலையால வந்து சப்பாத்தைக் கழட்டினபடியே, "அண்ணி, லின்ஸ்டொக் எண்டால் என்னெண்டு தெரியுமோ?" எண்டு கேட்டாள்.

எனக்குத் தெரியாது. திருகோணமலையில பதினொரு வருசம் இங்கிலீஸ் படிப்பிச்ச ரீச்சர் நான். அவள் அதே ஊரில இங்கிலீஸ் சோதினை மூண்டு தரம் எழுதி மூண்டு தரமும் பெயிலானவள். அவள் கேட்கிறாள், எனக்குத் தெரியாது.

"பீரங்கிக்கு நெருப்பு வைக்கிற தடி அண்ணி. நுனியில திரி சுத்தியிருக்கும். கிட்டப் போய்க் கையால வைச்சால் கை கருகிப் போயிடுமெல்லோ, அதுக்குத்தான் நீளத் தடி."

"ஓமோம், தெரியும். சட்டெண்டு ஞாபகம் வரேல்லை" எண்டன். பச்சைப் பொய். அவள் குளிக்கப் போன கையோட அறைக்குள்ள ஓடிப்போய் அகராதியை இழுத்தன். ரெண்டு பட்டுச் சீலையை வெளியில எடுத்து வைச்சிட்டு, அந்த இடத்தில சூட்கேசுக்குள்ள வைச்சுக் கொண்டுவந்த தடிச்ச அகராதி அது. பார்த்தால் சனியன் பிடிச்ச சொல் அதில கிடக்குது, அவள் சொன்ன அதே கருத்தோட. அடுப்பில புட்டு அடிப்பிடிச்சுப் போச்சுது.

மச்சாள் எண்டால் என்ர மனுசன்ர ஒரே தங்கச்சி. சமாதானம் சமாதானம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தது முறியத் தொடங்கின நேரம் நாட்டை விட்டு வெளிக்கிட்டு, மொன்றியலுக்கு வந்து அகதியெண்டு கேட்டு, செயின்ட்-மிஷேலில இங்க 'நாலரை' எண்டு சொல்லுற எங்கட ரெண்டு அறை அப்பாட்மென்டில சின்ன அறையில இருந்தவள். வழக்கு முடியேல்லை. வெண்டால் இருக்கலாம். தோத்தால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். திருப்பி அனுப்பினால் அவளுக்கு என்ன நடக்குமெண்டு எங்கட வீட்டில ஒருத்தரும் வாய்விட்டுக் கதைக்கிறேல்லை.

நான் டோர்வலில, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுற இடத்தில வேலை. பெல்ற்றில தட்டு வரும். ஒரு பணிஸ், ஒரு பட்டர் வைக்கவேணும். பேந்து அடுத்த தட்டு வரும். நான் இங்கிலீஸ் ரீச்சர் எண்டு எங்க போய்ச் சொன்னாலும், "பிரெஞ்சு தெரியுமோ?" எண்டுதான் கேட்டவை; மொன்றியல் பிரெஞ்சு பேசுற ஊர். அதுக்குப் பிறகு நான் ரீச்சர் எண்டு ஒருத்தருக்கும் சொல்லுறதை விட்டிட்டன்.

அவளுக்கு ஆத்துக்கு நடுவில இருக்கிற தீவில, ஒரு பழைய கோட்டையில வேலை. அதை மியூசியமாக்கி வைச்சிருந்தவை. தரை துடைக்கத்தான் எடுத்தது. கோடையில ஒவ்வொரு மத்தியானமும் அங்க சிவப்புக் கோட்டுப் போட்ட கொஞ்சப்பேர் பழைய பீரங்கி ஒண்டைக் குண்டில்லாமல் வெடிமருந்தை மட்டும் போட்டு வெடிச்சுக் காட்டுவினம். இவள் துடைப்பத்தைப் பிடிச்சுக்கொண்டு ஒரு கோடை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறாள். அடுத்த கோடையில ஒரு நாள் அந்தக் கூட்டத்தில ஒருத்தன் வராமல் விட, அதை நடத்துற வெள்ளைக்காரி, "ஆருக்காவது ஒழுங்கு தெரியுமோ?" எண்டு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறா. வாளியை வைச்சிட்டு இவள் கையை உயர்த்தியிருக்கிறாள்.

அவ்வளவுதான். துடைப்பம் போய்க் கையில லின்ஸ்டொக் வந்திட்டுது. சிவப்புக் கோட்டும், பொன் நிறப் பொத்தானும். வெடிச்ச பிறகு சனத்துக்கு ஒவ்வொரு சாமானையும் தூக்கிக் காட்டி இங்கிலீசில விளக்கம் சொல்லுறதும் அவள்தான்! அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில குடை பிடிப்பானாம் எண்டு எனக்குள்ள புறுபுறுத்தன். வயிறு எண்டால் அப்பிடி எரிஞ்சது.

ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சொல்லோட வீட்டுக்கு வருவாள். பீரங்கியின்ர ரெண்டு பக்கமும் தோள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது ட்ரனியன். பின்பக்கத்துக் குமிழ் கஸ்கபெல். மழைத்தண்ணி போகாமல் வாய்க்கு வைக்கிற மூடி டொம்பியன். எல்லாத்தையும் ஒரு கொப்பியில படம் கீறி, பக்கத்தில இங்கிலீசில எழுதி, அதுக்குப் பக்கத்தில தமிழில கருத்து எழுதி வைச்சிருந்தாள். நான் படிப்பிச்ச காலத்தில என்ர பிள்ளையள் ஒண்டுகூட அவ்வளவு வடிவா ஒரு கொப்பி வைச்சிருக்கேல்லை. எங்கட ஊர்க் கோட்டைக்குள்ளயும் பழைய பீரங்கியள் கிடந்ததுதான். கோயிலுக்குப் போகேக்க நூறு தரம் அதைக் கடந்து போயிருப்பன். ஆமிக்காரன் நிக்கிற இடத்தில எதையும் உத்துப் பார்க்கக்கூடாது எண்டு தலையைக் குனிஞ்சுகொண்டு நடந்த ஆக்கள் நாங்கள்.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில நடந்ததுதான் என்னைக் கொன்றது. பிளாஷ் இன் த பான் எண்டு இங்கிலீசில ஒரு சொல்வழக்கு. கொஞ்ச நேரம் பளிச்சிட்டு ஒண்டுமில்லாமல் போற ஆக்களுக்குச் சொல்லுறது. அதைப் பதினொரு வருசம் கரும்பலகையில எழுதினவள் நான். தாச்சியில எண்ணெய் பத்தி அணையிற மாதிரி எண்டு நானே ஒரு விளக்கமும் கண்டுபிடிச்சுச் சொல்லிக் குடுத்தனான்.

"இல்லை அண்ணி, அது தாச்சி இல்லை" எண்டாள் மச்சாள், சோத்தைக் குழைச்சுக்கொண்டு. "பழைய துவக்கின்ர பக்கத்தில சின்னத் தட்டு மாதிரி ஒண்டு இருக்கும், அதுக்குப் பேர்தான் பான். அதில போடுற மருந்து பத்தி, உள்ளுக்குப் போய்ப் பத்தாமல் விட்டால், வெளிச்சம் மட்டும்தான் வரும், குண்டு போகாது. அதைத்தான் அப்பிடிச் சொல்லுறது."

என்ர மனுசன் கையைத் தட்டிச் சிரிச்சார். "பார்த்தீரே! என்ர தங்கச்சி ரீச்சருக்கே பாடம் எடுக்கிறாள்!"

நானும் சிரிச்சன். எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டு அழுதன். திருகோணமலையில என்னட்டப் படிச்சு, பெரிய பெரிய பிள்ளையளா வளர்ந்து போனதுகள் எல்லாம் இப்பவும் தாச்சியை நினைச்சுக்கொண்டிருக்குமே எண்டு ஒரு வெக்கம். அதை எனக்குத் திருத்திச் சொன்னது தரை துடைக்கிறவள் எண்டு அதைவிடப் பெரிய ஆத்திரம்.

அவள் பின்னால வந்து, ஏதோ சமாதானம் செய்யிற மாதிரி, தோலால செய்த ஒரு விரலுறையைக் காட்டினாள். தம்ப்ஸ்டோல் எண்டு பேராம். "இதுதான் அண்ணி என்ர வேலையில முக்கியமானது. ஒருக்கா வெடிச்ச பிறகு உள்ளுக்கு நெருப்புப் பொறி கிடக்கும். அடுத்த மருந்தை வாய்க்குள்ளால ஒருத்தர் இடிச்சு இறுக்கேக்க, பின்னால இருக்கிற துளையை நான் இந்தப் பெருவிரலால அமத்திக்கொண்டு நிக்கவேணும். எடுத்தனோ, காத்துப் போய், பொறி மூண்டு, முன்னால நிக்கிறவையின்ர ரெண்டு கையும் போச்சு."

"கண்டறியாத வேலை" எண்டு சொல்லிப்போட்டுப் பைப்பைப் பூட்டினன்.

இனித்தான் நான் செய்தது வருது.

எங்கட ஆக்களிட்ட ஒரு வழக்கம். ஒருத்தருக்கு அகதி விசாரணைக்கு நாள் வந்தால், அதுக்கு முதல் வீட்டில வைச்சுப் பழக்கிறது. ஆராவது அதிகாரி மாதிரி இருந்து கேள்வி கேட்பினம், வழக்குக்காரர் மறுமொழி சொல்லவேணும். அதில முதல் பாடம் ஆயுதத்தைப் பற்றி வாயே திறக்கக்கூடாது எண்டது. சத்தத்தைக் கேட்டு இது இன்ன துவக்கு எண்டு சொல்லாத பிள்ளை எங்கட ஊரில இல்லை, ஆனால் விசாரணையில 'ஏதோ வெடிச்சத்தம் கேட்டது' எண்டுதான் சொல்லவேணும். பேர் தெரிஞ்சால், பிடிச்சிருக்கிறாய் எண்டு நினைச்சுப்போடுவாங்கள் எண்டு பயம். எங்கட வீட்டில அதிகாரி எப்பவும் நான்தான், இங்கிலீஸ் தெரிஞ்சவள் எண்டபடியால்.

லோயரோட கதைக்கிறதும் நான்தான். விசாரணைக்கு ஒரு மாதம் இருக்கேக்க அவர் போன் எடுத்தார். நான் அந்தக் கோட்டை வேலையைச் சொல்லி, அதால ஏதும் பிரச்சினை வருமோ எண்டு கேட்டன். உண்மையாப் பயத்திலதான் கேட்டன், அதில பொய்யில்லை. லோயர் விழுந்து விழுந்து சிரிச்சார். இருநூறு வருசத்துப் பீரங்கியோ, மியூசியத்திலயோ, அருமை எண்டார். அவை ஒரு கடிதம் தந்தால் நல்லது, சிவப்புக் கோட்டோட படம் இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லும், இந்த ஊரில காலூண்டி நிக்கிறா எண்டு காட்டலாம் எண்டார்.

போனை வைச்சன். குசினி யன்னலால பார்த்தால் கீழ பஸ்ஸால இறங்கி அவள் வாறாள், பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. எனக்குள்ள என்ன புகுந்ததோ தெரியாது. இல்லை, தெரியும். நல்லாத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழக்கேக்க, அவளின்ர கொப்பியை எடுத்து மேசையில போட்டன். அதுக்குள்ள படம் ஒண்டு, சிவப்புக் கோட்டோட, லின்ஸ்டொக்கைப் பிடிச்சுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சபடி. அதிகாரியின்ர குரலில கேட்டன்:

"இது என்ன? ஆயுதம் தெரியாது எண்டீர். இதில மருந்து எவ்வளவு போடுறது, எப்பிடி இடிக்கிறது, எல்லாம் எழுதியிருக்கே?"

"அண்ணி... இது... மியூசியம்..."

"அவங்களுக்கு அதெல்லாம் விளங்குமே? இது அவங்கட கையில சிக்கினால் உம்மட வழக்கு முடிஞ்சுது. நான் லோயரிட்டக் கேட்டனான். அவரும் அதைத்தான் சொன்னவர்."

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லேக்க என்ர நாக்குக் கூசேல்லை. அதுதான் இண்டைக்கும் என்னால மறக்க ஏலாதது.

அவள் கொப்பியையும் படத்தையும் குசினி சிங்கில போட்டுக் கொளுத்தினாள். புகை கிளம்பி அலாரம் கத்த, பக்கத்து வீட்டு ஹெயிட்டிக்காரி ஓடிவந்து கதவில தட்டி "சா வா? சா வா?" எண்டு, ஒண்டும் பிரச்சினையில்லையோ எண்டு பிரெஞ்சில கேட்டா. நான் கதவைத் திறந்து, "கறி எரிஞ்சு போச்சு" எண்டு என்ர அரைகுறைப் பிரெஞ்சில சொன்னன். பின்னால அவள் நிண்டு, கருகின கடதாசிக்குத் தண்ணி ஊத்திக்கொண்டிருந்தாள்.

வேலையை விட்டிட்டு அவள் சிவப்புக் கோட்டைத் திருப்பிக் குடுக்கப் போகேக்க நானும் கூடப் போனன். ஏன் போனன் எண்டு கேட்டால், வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், அந்த வேலையை நான் கேட்கப் போனன். மச்சாள் அந்தப் பக்கம் போய் ஆக்களிட்டப் போயிட்டு வாறன் எண்டு சொல்லிக்கொண்டு நிக்கேக்க, அந்த வெள்ளைக்காரியிட்ட நல்ல இங்கிலீசில, நான் ரீச்சர், எனக்கு எல்லாச் சொல்லும் தெரியும் எண்டு சொன்னன். ட்ரனியன், கஸ்கபெல், டொம்பியன் எல்லாம் அகராதியில பாடமாக்கி வைச்சிருந்தன். மனுசி பொறுமையாக் கேட்டா. பிறகு ஒரே ஒரு கேள்வி: "வெடிச்ச உடன முதல் செய்யிறது என்ன?"

ஈரப் பஞ்சால துடைக்கிறதோ, காய்ஞ்ச பஞ்சாலயோ? இல்லாட்டிச் சுருள் கம்பியால கிளறுறதோ? அகராதியில சொல் இருக்கு, ஒழுங்கு இல்லை.

"உங்களுக்குப் பேர் தெரியும்" எண்டா அவ, நல்ல மரியாதையா. "அவவுக்கு வேலை தெரியும். அவ ஏன் போறா எண்டு எனக்கு விளங்கேல்லை. உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது எண்டன்.

மச்சாள் செயின்ட்-லோரன்ட்டில பெட்டி கட்டுற வேர்ஹவுஸ் ஒண்டில சேர்ந்தாள். சொற்கள் வீட்டுக்கு வாறது நிண்டுபோச்சு. எனக்கு நிம்மதி வந்திருக்கவேணுமே? வரேல்லை. மனுசன் சாப்பாட்டு மேசையில, "ஏன் ஒருத்தரும் கதைக்கிறியள் இல்லை?" எண்டு கேட்டுக்கொண்டிருந்தார். லோயர் கடிதம் எங்க எண்டு திரும்பக் கேட்கேக்க, மியூசியத்தில தரமாட்டினமாம் எண்டு ரெண்டாவது பொய்யையும் சொன்னன்.

விசாரணை நாளில நானும் உள்ளுக்கு இருக்கலாம் எண்டு விட்டவை. மூலையில ஒரு கதிரை. அதிகாரி ஒரு பொம்பிளை, மெல்லமாக் கதைக்கிற ஆள். ஊரில நடந்ததெல்லாம் மச்சாள் தடக்காமல் சொன்னாள், மொழிபெயர்ப்பாளர் இங்கிலீசில சொன்னார். எல்லாம் நல்லாத்தான் போச்சுது. பிறகு அதிகாரி, இங்க என்ன வேலை செய்யிறீங்கள் எண்டு கேட்டா. வேர்ஹவுஸ் எண்டாள். அதுக்கு முதல்?

"அதுக்கு முதல் ஒரு வேலையும் செய்யேல்லை. வீட்டில இருந்தன்."

அதிகாரி கடதாசியைப் புரட்டினா. சம்பளத் துண்டு எல்லாம் லோயர் எப்பவோ குடுத்திருந்தது. "ஒரு வருசத்துக்கு மேல ஒரு மியூசியத்தில வேலை செய்ததா இதில இருக்கே?"

"இல்லை."

"இது உங்கட பேர்தானே?"

"எனக்கு அந்த இடம் தெரியாது. எனக்குப் பீரங்கியைப் பற்றி ஒண்டும் தெரியாது."

ஆரும் பீரங்கியைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஐயோ கடவுளே. அதிகாரி பேனையைக் கீழ வைச்சா. இவ்வளவு நேரமும் நம்பிக் கேட்டுக்கொண்டிருந்த முகம், என்ர கண்ணுக்கு முன்னாலயே பூட்டுப்பட்டது. இதில பொய் சொல்லுறவள் மற்றதிலயும் பொய்தானே சொல்லியிருப்பாள் எண்டு அந்த முகம் கேட்டது. லோயர் துள்ளி எழும்பி, பத்து நிமிசம் தாங்கோ எண்டார்.

வெளியில வாங்கில அவள் இருந்தாள். எனக்கு முன்னால ரெண்டே ரெண்டு வழி. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரியவராது, அவள் போயிடுவாள்.

சொன்னன். முதல் தமிழில அவளுக்கு, பிறகு இங்கிலீசில லோயருக்கு. லோயர் சிரிச்சதையும், படம் கேட்டதையும், நான் மறைச்சதையும், நான் அந்த வேலையைக் கேட்டுப் போனதையும், எல்லாத்தையும். லோயர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல ஏலாது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவேயில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"உங்களுக்கு அந்த வேலை வேணுமெண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அண்ணி. நானே அவவிட்டச் சொல்லி உங்களுக்கு எடுத்துத் தந்திருப்பன்."

திரும்ப உள்ளுக்குப் போனம். அவள் மொழிபெயர்ப்பாளரிட்ட, "இந்தப் பகுதியை நான் இங்கிலீசில சொல்லட்டே?" எண்டு கேட்டாள். சொன்னாள். வாளி, துடைப்பம், கையை உயர்த்தின நாள். வெடிச்ச உடன முதல் சுருள் கம்பி, பிறகு ஈரப் பஞ்சு, பிறகு காய்ஞ்ச பஞ்சு, பிறகு மருந்து. இலக்கணம் அங்கங்க நொண்டிச்சுது. ஒருத்தரும் அதைக் கவனிக்கேல்லை. எனக்கு, அந்த நேரத்திலயும் பாருங்கோ, பொறாமையா இருந்தது.

அதிகாரி கேட்டா: "இவ்வளவு விருப்பமான வேலையை ஏன் விட்டீங்கள்? ஏன் இவ்வளவு நேரமும் மறைச்சீங்கள்?"

நான் கதிரையின்ர விளிம்பை இறுக்கிப் பிடிச்சன்.

"பயத்தில" எண்டாள்.

"ஆர் உங்களைப் பயப்படுத்தினது?"

"ஒருத்தரும் இல்லை. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இருக்கிற பயம்தான்."

மியூசியத்தில இருந்து கடிதத்தைப் பிறகு அனுப்பச் சொல்லிச்சினம். அனுப்பினம். கொஞ்ச நாளால முடிவு வந்தது. இருக்கலாம். மனுசன் அழுது, சிரிச்சு, செயின்ட்-மிஷேல் முழுக்கப் போன் எடுத்துச் சொன்னார். நான் செய்தது அவருக்குத் தெரியாது. அவள் சொல்லேல்லை. அடுத்த மாதம், வேலைக்குக் கிட்ட எண்டு சாட்டுச் சொல்லி, செயின்ட்-லோரன்ட்டில தனிய அறை எடுத்துக்கொண்டு போனாள். தீபாவளிக்கு வந்தாள், தைப்பொங்கலுக்கு வந்தாள். கோப்பையைத் தானே கழுவி வைச்சிட்டுப் போவாள்.

அடுத்த கோடையில அவள் திரும்பக் கோட்டையில சேர்ந்திட்டாள் எண்டு மனுசன்தான் சொன்னார். ஒரு லீவு நாளில, ஒருத்தருக்கும் சொல்லாமல், மெத்ரோ எடுத்துத் தீவுக்குப் போனன். சனத்துக்குள்ள நிண்டு பார்த்தன். சிவப்புக் கோட்டு, பொன் பொத்தான். முன்னால ஒரு பெடியன் ரெண்டு கையாலயும் தடியைப் பீரங்கி வாய்க்குள்ள விட்டு இடிக்கிறான். பின்னால அவள் பெருவிரலைத் துளையில அமத்திக்கொண்டு நிக்கிறாள். கண் இமைக்கேல்லை. பெடியன் விலகின பிறகு அவள் லின்ஸ்டொக்கால நெருப்பு வைச்சாள். வெடிச்ச சத்தத்தில எங்களுக்கெல்லாம் நெஞ்சு துள்ளிச்சுது. அவள் அசையேல்லை.

பிறகு, கேள்வியள் இருந்தால் கேட்கலாம் எண்டாள். நான் கையை உயர்த்தினன். மற்றச் சனம் மாதிரி இங்கிலீசிலதான் கேட்டன், அந்தத் துளையை ஏன் விரலால மூடுறது எண்டு.

அவள் என்னைக் கண்டாள்.

"நல்ல கேள்வி, மேடம்" எண்டாள், இங்கிலீசில. "முன்னால கையை விட்டுக்கொண்டு நிக்கிறவருக்குப் பின்னால நிக்கிற ஆள் என்ன செய்யிறா எண்டு தெரியாது. நம்பித்தான் நிக்கவேணும். அதால, எது வந்தாலும், சுட்டாலும், விரலை எடுக்கக்கூடாது."

பிறகு என்ர தலைக்கு மேலால பின்வரிசையைப் பார்த்து, வேற ஆருக்கும் கேள்வி இருக்கோ எண்டு பிரெஞ்சில கேட்டாள்.